மீசான்: முதல் பில்டிலிருந்து முதல் பங்களிப்பு வரை

திறமூல மென்பொருளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் பிரவுசர், டேட்டாபேஸ் என்று பெயர் தெரிந்த திட்டங்களின் கதவைத்தான் தட்டுகிறார்கள். அவற்றையெல்லாம் கட்டித் தருகிற பில்ட் கருவியும் ஒரு திறமூலத் திட்டம்தான், அங்கும் ஆள் தேவை என்பது பலருக்கு உறைப்பதில்லை. இந்த அத்தியாயம் மீசான் என்ற பில்ட் கருவியை எடுத்துக்கொள்கிறது. பின்லாந்தைச் சேர்ந்த யூசி பாக்கனென் தொடங்கியது. முதல் வெளியீடு 2013இல், 1.0 பதிப்பு 2022 டிசம்பரில். முழுக்கப் பைதானில் எழுதப்பட்டது. உரிமம் அப்பாச்சி 2.0. சிஸ்டம்டி, மேசா, கியூஇமு, ஜிடிகே 4 ஆகியவை இதைக் கொண்டே கட்டப்படுகின்றன. போஸ்ட்கிரெஸ் தன் 16ஆம் பதிப்பிலிருந்து இதையும் ஏற்றுக்கொண்டது. பைதான் உலகின் நம்பை, சைபை இரண்டும் இதற்கு மாறிவிட்டன.

புதியவர்களுக்கு மீசானைப் பரிந்துரைக்க எனக்கு ஒரு வலுவான காரணம் உண்டு. மீசான் தன்னைத்தானே சோதித்துக்கொள்ள வைத்திருக்கும் சோதனைகளில் பெரும்பாலானவை சின்னஞ்சிறு முழுத் திட்டங்கள். ஒரு கோப்புறை, அதற்குள் ஒரு பில்ட் கோப்பு, ஒன்றிரண்டு மூலநிரல் கோப்புகள். நீங்கள் முதல் நாளில் பழகுவதற்காக எழுதும் பத்து வரித் திட்டமும், பின்னால் பங்களிப்பாகச் சேர்க்கப்போகும் சோதனையும் ஒரே வடிவம்தான். ஆகவே பயன்படுத்தக் கற்றுக்கொண்டவர் பங்களிக்கவும் பாதி கற்றுக்கொண்டுவிடுகிறார்.

கட்டளைகளைப் படிக்கும் முறை: இங்கே கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்யுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் அதைத் தனியாகச் சொல்கிறேன். புள்ளி, கோடு, மேற்கோள் ஆகியவற்றை உள்ளது உள்ளபடியே இடுங்கள்.

## நிறுவுதல்

லினக்ஸ் என்று வைத்துக்கொள்கிறேன். டெபியன், உபுண்டு பயன்படுத்துபவர்களுக்கு:

1. முனையத்தைத் திறந்து `சுடோ ஆப்ட் இன்ஸ்டால் மீசான் நிஞ்ஜா-பில்ட் ஜிசிசி கிட்` என்று இடுங்கள்.
2. `மீசான் --வெர்ஷன்` என்று கேட்டுப் பாருங்கள். ஓர் எண் வந்தால் போதும்.
3. அந்த எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். டிஸ்ட்ரோ தரும் பதிப்பு பெரும்பாலும் பழையதாகவே இருக்கும். பின்னால் பிழை தெரிவிக்கும்போது முதல் கேள்வியே "எந்தப் பதிப்பு?" என்பதுதான்.

புதிய பதிப்பு வேண்டுமென்றால் பைதானின் வெர்ச்சுவல் என்விரான்மென்ட் ஒன்றை உருவாக்கி, அதற்குள் `பிப் இன்ஸ்டால் மீசான் நிஞ்ஜா` என்று நிறுவிக்கொள்ளுங்கள்.

எச்சரிக்கை: பிப் கட்டளைக்கு முன்னால் சுடோ போடாதீர்கள். இன்றைய டிஸ்ட்ரோக்கள் பல, சிஸ்டம் பைதானுக்குள் பிப் கை வைப்பதைத் தடுத்து ஒரு நீண்ட பிழைச் செய்தியைக் காட்டும். அந்தச் செய்தியின் முடிவில், தடையை மீறுவதற்கான விருப்பமும் எழுதியிருக்கும். அதைப் பயன்படுத்தினால் ஆப்ட் நிறுவிய வேறு ஏதாவது நிரல் உடைந்துபோகலாம். வெர்ச்சுவல் என்விரான்மென்ட் ஒரு நிமிட வேலைதான்.

## முதல் திட்டம்

தேவையான கோட்பாடு இவ்வளவே. மீசான் உங்கள் பில்ட் கோப்பைப் படித்து, என்னென்ன செய்ய வேண்டும் என்ற பட்டியலைத் தயாரிக்கிறது. லினக்ஸில் அந்தப் பட்டியலை நிறைவேற்றுவது நிஞ்ஜா என்ற இன்னொரு சிறிய கருவி. எந்தக் கோப்பு மாறியதோ அதைச் சார்ந்ததை மட்டும் நிஞ்ஜா மறுபடி கம்பைல் செய்யும்.

1. `வணக்கம்` என்று ஒரு கோப்புறையை உருவாக்கி அதற்குள் செல்லுங்கள். பெயரை ஆங்கில எழுத்தில் வையுங்கள்.
2. `வணக்கம்.சி` என்ற கோப்பில், ஒரு வரி அச்சிட்டு 0 திருப்பித் தரும் எளிய சி நிரலை எழுதுங்கள்.
3. அதன் அருகிலேயே `மீசான்.பில்ட்` என்ற கோப்பை உருவாக்கி மூன்று வரிகள் எழுதுங்கள்:

   `ப்ராஜெக்ட்('வணக்கம்', 'சி')`
   `நிரல் = எக்ஸிக்யூட்டபிள்('வணக்கம்', 'வணக்கம்.சி')`
   `டெஸ்ட்('அடிப்படை', நிரல்)`

4. `மீசான் செட்டப் பில்ட்` என்று இடுங்கள். கடைசிச் சொல் புதிதாக உருவாகப்போகும் கோப்புறையின் பெயர். வேறு பெயரும் வைக்கலாம்.
5. `மீசான் கம்பைல் -சி பில்ட்` என்று இடுங்கள். இங்கே கோட்டுக்குப் பின்னால் வருவது பெரிய எழுத்து சி.
6. `மீசான் டெஸ்ட் -சி பில்ட்` என்று இடுங்கள். இதிலும் பெரிய சி. ஒரு சோதனை ஓடி, தேறியதாகக் காட்டும்.

உங்கள் நிரல் திருப்பித் தரும் எண்ணைப் பார்த்துத்தான் சோதனை தேறியதா என்று மீசான் முடிவு செய்கிறது. 0 என்றால் தேறியது. 77 என்றால் இந்தக் கணினியில் இச்சோதனை பொருந்தாது, தாண்டிச் செல் என்று பொருள். 99 என்றால் சோதனையை நடத்தவே முடியாத அளவுக்குக் கோளாறு. வேறு எந்த எண் வந்தாலும் தோல்வி. உங்கள் நிரலில் 0 இருக்கும் இடத்தில் 1 போட்டு, 5, 6 படிகளை மறுபடி செய்து பாருங்கள். தோற்கும் சோதனை எப்படித் தெரிகிறது என்று கண்ணால் பார்த்துவிடுவது பின்னால் மிகவும் உதவும்.

குறிப்பு: `பில்ட்` கோப்புறைக்குள் `கம்பைல்_கமாண்ட்ஸ்.ஜேசன்` என்று ஒரு கோப்பு தானாகவே உருவாகியிருக்கும். உங்கள் எடிட்டருக்கு அதைக் காட்டினால், நிரலைத் தட்டச்சு செய்யும்போதே பிழைகளைச் சுட்டிக்காட்டும்.

## தொடக்கத்தில் இடறும் இடங்கள்

கோப்புகளை நட்சத்திரக் குறியால் சேர்க்க முயல்வது. மேக்ஃபைல் பழகியவர்கள், கோப்புறையில் உள்ள எல்லா சி கோப்புகளையும் ஒரே குறியில் சேர்க்கும் வழி எங்கே என்று தேடுவார்கள். மீசானில் அது கிடையாது, வேண்டுமென்றே விடப்பட்டது. ஒவ்வொரு கோப்பையும் பெயர் சொல்லி எழுத வேண்டும். நட்சத்திரக் குறி இருந்தால், ஒவ்வொரு பில்டின்போதும் கோப்புறை முழுவதையும் துழாவிப் புதுக் கோப்பு வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டிவரும். பெரிய திட்டங்களில் அது நேரத்தைத் தின்னும்.

மூலநிரல் கோப்புறைக்குள்ளேயே பில்ட் செய்ய முயல்வது. மீசான் மறுத்துவிடும். தனிக் கோப்புறை கட்டாயம். இதனால் ஒரு வசதியும் உண்டு: ஒரே மூலநிரலுக்கு டீபக் பில்ட் ஒன்று, ரிலீஸ் பில்ட் ஒன்று என்று இரண்டு கோப்புறைகளை அக்கம்பக்கமாக வைத்துக்கொள்ளலாம்.

டீபக் பில்டில் வேகத்தை அளப்பது. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் மீசான் டீபக் வகையையே எடுத்துக்கொள்ளும். அதில் கம்பைலரின் வேகமூட்டும் வேலைகள் எதுவும் நடக்காது. நிரலின் வேகத்தைப் பற்றிப் பேசப்போகிறீர்கள் என்றால் `மீசான் செட்டப் வேகம் --பில்ட்டைப்=ரிலீஸ்` என்று தனியாக ஒன்றை அமைத்து அதில் அளந்துபாருங்கள்.

கம்பைலரை நடுவில் மாற்றுவது. ஜிசிசி கொண்டு அமைத்துவிட்டு, பிறகு சூழல் மாறியை மாற்றி கிளாங் என்று வைத்தால் ஒன்றும் நடக்காது. எந்தக் கம்பைலர் என்பது முதல் செட்டப்பிலேயே முடிவாகிவிடுகிறது. `மீசான் செட்டப் --வைப் பில்ட்` என்று துடைத்துவிட்டு அமையுங்கள், அல்லது புதுக் கோப்புறை தொடங்குங்கள். பிழை என்று தெரிவிப்பதற்கு முன்னால் வைப் செய்து ஒருமுறை பார்ப்பது நல்ல பழக்கம்.

திரையில் வந்ததை மட்டும் படிப்பது. திரையில் காண்பது சுருக்கம். முழு விவரம் `பில்ட்` கோப்புறைக்குள் `மீசான்-லாக்ஸ்` என்ற இடத்தில் `மீசான்-லாக்.டெக்ஸ்ட்` கோப்பில் இருக்கிறது (கோப்பின் ஒட்டு மூன்றெழுத்து, டிஎக்ஸ்டி). ஒரு நூலகம் கிடைக்கவில்லை என்றால், எந்தக் கட்டளையை ஓட்டிப் பார்த்தது, கம்பைலர் என்ன சொன்னது என்று அங்கே வரிவரியாகத் தெரியும்.

## பாதுகாப்பு: பில்ட் செய்வது என்றால் ஓட்டுவது

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்ட வேண்டாம். ஒரு நிரலை இறக்கி, பில்ட் மட்டும் செய்கிறேன், ஓட்டவில்லையே என்று பலர் நினைக்கிறார்கள். பில்ட் செய்வதே பிறர் எழுதிய கட்டளைகளை உங்கள் கணினியில் ஓட்டுவதுதான். மீசான் கோப்பில் `ரன்_கமாண்ட்` என்று ஒரு வரி இருந்தால், செட்டப் படியிலேயே அது ஓடிவிடும். நீங்கள் கம்பைல் என்று சொல்லும்வரைகூட அது காத்திருக்காது.

2024 மார்ச் 29 அன்று, எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு ஒன்று இருப்பதை நிரலாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் வெளிப்படுத்தினார். எஸ்எஸ்எச் உள்நுழைவு வழக்கத்தைவிடச் சற்றே மெதுவாக இருப்பதைத் துருவிக்கொண்டே போனபோது அவருக்குத் தட்டுப்பட்டது அது. தீய நிரலை உயிர்ப்பித்த வரிகள் இருந்த இடம் பில்ட் ஸ்கிரிப்ட். கிட் ரெப்போவில் இல்லாத அந்த வரிகள், வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் இருந்தன. அந்தத் திட்டம் மீசானால் கட்டப்பட்டது அல்ல; ஆனால் பில்ட் கோப்புகளை யாரும் கூர்ந்து படிப்பதில்லை என்ற உண்மை எல்லாக் கருவிகளுக்கும் பொருந்தும்.

செய்ய வேண்டியவை:

1. ரூட் பயனராக ஒருபோதும் செட்டப், கம்பைல் செய்யாதீர்கள்.
2. தெரியாத திட்டத்தை இறக்கினால், செட்டப் செய்வதற்கு முன் `மீசான்.பில்ட்` கோப்புகளில் `ரன்_கமாண்ட்` எங்கெல்லாம் வருகிறது என்று தேடிப் பாருங்கள். ஐயமிருந்தால் கன்டெய்னருக்குள் பில்ட் செய்யுங்கள்.
3. திட்டங்கள் தங்களுக்கு வேண்டிய நூலகங்களை ராப் கோப்புகள் வழியாக இணையத்திலிருந்து தாமே இறக்கிக்கொள்ளும். இதைத் தடுக்க, செட்டப்போடு `--ராப்-மோட்=நோடவுன்லோட்` சேருங்கள். அனுமதிப்பதானால், ராப் கோப்பில் `சோர்ஸ்_ஹாஷ்` வரி இருக்கிறதா என்று பாருங்கள். இறங்கிய கோப்பு அதுதானா என்பதை மீசான் அதைக்கொண்டே உறுதிசெய்கிறது.
4. நிறுவிப் பார்க்க வேண்டுமென்றால் நேராகச் சிஸ்டம் கோப்புறைகளுக்குள் நிறுவாதீர்கள். `மீசான் இன்ஸ்டால் -சி பில்ட் --டெஸ்ட்டிர்` என்று இட்டு (பெரிய சி; கடைசிச் சொல் டெஸ்டினேஷன் டைரக்டரியின் சுருக்கம், டி-இ-எஸ்-டி-டி-ஐ-ஆர்; சோதனையைக் குறிக்கும் டெஸ்ட் அல்ல), ஒரு தற்காலிகக் கோப்புறையின் முழுப் பாதையைக் கொடுங்கள். எந்தக் கோப்பு எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டு பிறகு முடிவு செய்யலாம்.
5. லாக் கோப்பைப் பிறருக்கு அனுப்புமுன் ஒருமுறை படியுங்கள். உங்கள் பயனர் பெயர், கோப்புறைப் பாதைகள், சில வேளைகளில் அலுவலகச் சர்வர் பெயர்கள் அதில் இருக்கும்.

## மீசானின் மூலநிரலை வீட்டுக்குக் கொண்டுவருதல்

1. கிட்ஹப்பில் கணக்குத் தொடங்கி, இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள்.
2. அமைப்புகளில், மின்னஞ்சலை மறைக்கும் விருப்பத்தைத் தேர்ந்தெடுங்கள். அது தரும் பதிலிலா முகவரியைக் கிட்டில் பதிவு செய்யுங்கள். கமிட்டில் ஒருமுறை ஏறிய மின்னஞ்சல் முகவரியைப் பிறகு அழிப்பது நடவாத காரியம். ஆகவே இதை முதலிலேயே செய்துவிடுங்கள்.
3. மீசான்பில்ட் அமைப்பின் மீசான் ரெப்போவை ஃபோர்க் செய்து, உங்கள் ஃபோர்க்கைக் குளோன் செய்யுங்கள்.
4. மூல ரெப்போவை `அப்ஸ்ட்ரீம்` என்ற பெயரில் இரண்டாவது ரிமோட்டாகச் சேருங்கள்.
5. உள்ளே சென்று `./மீசான்.பை --வெர்ஷன்` என்று ஓட்டிப் பாருங்கள்.

ஐந்தாவது படியில்தான் மீசானின் பெரிய வசதி இருக்கிறது. எதையும் கம்பைல் செய்ய வேண்டாம், நிறுவ வேண்டாம். ஒரு வரியை மாற்றிச் சேமித்தால் அடுத்த ஓட்டத்திலேயே பலன் தெரியும். நீங்கள் எழுதிய வணக்கம் திட்டத்துக்குப் போய், இந்த `மீசான்.பை` கோப்பின் முழுப் பாதையைக் கொடுத்து செட்டப் செய்யுங்கள். இனி உங்கள் கையில் இருப்பது நாளை வெளிவரப்போகும் மீசான்.

ரெப்போவுக்குள் பல கோப்புறைகள் தெரியும். தொடக்கத்தில் மூன்று போதும். `மீசான்பில்ட்` கோப்புறையில் உண்மையான நிரல் இருக்கிறது. அதற்குள் `இன்டர்ப்ரெட்டர்` பகுதி பில்ட் கோப்பைப் படிக்கிறது, `கம்பைலர்ஸ்` பகுதி ஒவ்வொரு கம்பைலரின் குணத்தையும் அறிந்து வைத்திருக்கிறது, `பேக்எண்ட்` பகுதி நிஞ்ஜாவுக்கான பட்டியலை எழுதுகிறது. `டாக்ஸ்` ஆவணங்களுக்கு. மூன்றாவது `டெஸ்ட் கேசஸ்`. இதன் பெயரிலேயே ஓர் இடைவெளி இருப்பதைக் கவனியுங்கள். முனையத்தில் மேற்கோள்குறி இல்லாமல் எழுதினால் பாதை இரண்டாக உடைந்துவிடும். அந்த இடைவெளியால், இடைவெளியுள்ள பாதைகளை மீசான் ஒழுங்காகக் கையாள்கிறதா என்பதும் ஒவ்வொரு சோதனையிலும் சேர்ந்தே பரிசோதிக்கப்படுகிறது.

எல்லாச் சோதனைகளையும் ஓட்டினால் நெடுநேரம் ஆகும். `./ரன்_ப்ராஜெக்ட்_டெஸ்ட்ஸ்.பை --ஒன்லி காமன்` என்று ஒரு பிரிவை மட்டும் ஓட்டுங்கள். சில சோதனைகள் தாண்டப்பட்டதாகக் காட்டினால் கவலை வேண்டாம். அவற்றுக்கு வேண்டிய நூலகம் உங்கள் கணினியில் இல்லை என்று பொருள். சிவப்பில் தோல்வி வந்தால் மட்டும் குறித்துவையுங்கள். நீங்கள் எதையும் மாற்றாதபோதே தோற்பது எது என்று தெரிந்திருந்தால், பின்னால் உங்கள் மாற்றத்தின் மேல் வீண்பழி விழாது.

## எந்த வேலையை எடுப்பது

பதிவாகியிருக்கும் பிழைகளின் பட்டியல் நீளம். அதில் இறங்கி மலைத்துப்போவதற்கு முன், கீழ்க்கண்டவற்றில் ஒன்றை எடுங்கள்.

- பழைய பிழை ஒன்றைத் தற்போதைய பதிப்பில் ஓட்டிப் பார்த்து, இன்னும் நடக்கிறதா இல்லையா என்று சான்றோடு எழுதுவது. ஒரு வரி நிரல்கூட எழுதாமல் செய்யக்கூடிய, மிகவும் பயனுள்ள வேலை.
- குழப்பமான பிழைச் செய்தியைத் தெளிவாக்குவது. உங்களை ஒரு மணி நேரம் அலைக்கழித்த செய்தி எதுவோ, அதுவே உங்கள் முதல் திருத்தத்துக்கு ஏற்றது.
- ஆவணத்தில் விடுபட்டதைச் சேர்ப்பது.
- அதிகம் பேரிடம் இல்லாத கம்பைலரோ கணினியோ உங்களிடம் இருந்தால், அதில் சோதனைகளை ஓட்டித் தோல்விகளைத் தெரிவிப்பது.

எதை எடுக்கக் கூடாது என்பதும் முக்கியம். மீசானின் மொழியில் வைல் லூப் கிடையாது, பயனர் தாமாக ஃபங்ஷன் எழுதவும் வழி கிடையாது. பில்ட் கோப்பைப் படித்த மாத்திரத்தில் புரிய வேண்டும் என்பதற்காக அந்த மொழி இப்படிச் சிறியதாக வைக்கப்பட்டிருக்கிறது. அதை முழு நிரலாக்க மொழியாக்கும் எந்தத் திருத்தமும் ஏற்கப்படாது என்று திட்டத்தின் விதிகளே சொல்கின்றன. அதேபோல், பைதானின் சொந்த நூலகத்துக்கு வெளியிலிருந்து எதையும் மீசானுக்குள் இழுத்துவராதீர்கள். புதிய வசதி ஏதாவது மனத்தில் இருந்தால், நிரல் எழுதுமுன் அதை ஒரு முன்மொழிவாகப் பதிவு செய்து பதிலுக்குக் காத்திருங்கள். வாரக்கணக்கில் எழுதியது, "இது வேண்டாம்" என்ற ஒரு சொல்லில் முடிந்துபோவதை இப்படித்தான் தவிர்க்க முடியும்.

## பிழையைச் சுருக்குதல்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் கைவரப் பழக முடியும் என்றால், இதைப் பழகுங்கள். 300 கோப்புகள் கொண்ட திட்டத்தில் பில்ட் உடைகிறது என்று எழுதினால் யாராலும் உதவ முடியாது. எட்டு வரியில் அதே உடைவைக் காட்டினால், பார்த்த ஐந்தாவது நிமிடத்தில் ஒருவர் காரணம் சொல்லிவிடுவார்.

1. திட்டம் முழுவதையும் வேறு கோப்புறைக்கு நகலெடுங்கள். மூலத்தில் கை வைக்க வேண்டாம்.
2. பிழையை வரவழைக்கும் கட்டளைகளை ஒரு சிறு ஷெல் ஸ்கிரிப்டாக எழுதுங்கள். அதன் முதல் வரி பழைய பில்ட் கோப்புறையை அழிப்பதாக இருக்கட்டும். பாதை மாறினால் வேறு எதையாவது அழித்துவிடும். எனவே மாறி எதுவும் வைக்காமல் கோப்புறையின் பெயரையே முழுதாக எழுதுங்கள்.
3. `மீசான்.பில்ட்` கோப்பில் பாதியை நீக்குங்கள். ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். அதே பிழை வந்தால் நீக்கியது தேவையற்றது. பிழை மாறினாலோ மறைந்தாலோ, நீக்கியதை மீட்டு மறுபாதியைத் தொடுங்கள்.
4. வெளி நூலகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். அந்த இடத்தில் உங்கள் சொந்தச் சிறு நூலகம் போதுமா என்று பாருங்கள்.
5. மூலநிரல் கோப்புகளைக் காலியான மெயின் ஃபங்ஷன் அளவுக்குக் குறையுங்கள்.
6. இதற்கு மேல் ஒரு வரி எடுத்தாலும் பிழை மறைகிறது என்ற நிலை வரும். அங்கே நிறுத்துங்கள்.

இங்கே வழக்கமாக நேரும் தவறு மூன்றாம் படியில். பிழை வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, அதே பிழைதானா என்று பார்க்க மறந்துவிடுவார்கள். பாதி வழியில் வேறொரு பிழைக்குத் தாவி, கடைசியில் எழுத்துப்பிழை ஒன்றைக் கண்டுபிடித்து நிற்பார்கள். செய்தியின் வாசகத்தை ஒரு தாளில் எழுதி அருகில் வைத்துக்கொள்ளுங்கள்; ஒவ்வொரு முறையும் ஒப்பிடுங்கள்.

முன்பு சரியாக இருந்து இப்போது உடைந்திருக்கிறது என்றால், கிட் பைசெக்ட் உங்களுக்குப் பெரிய துணை. சரியாக இருந்த கமிட்டையும் உடைந்த கமிட்டையும் சொன்னால், நடுவில் உள்ளதை எடுத்துக்கொடுத்துச் சோதிக்கச் சொல்லும். இடையில் 1000 கமிட்டுகள் இருந்தாலும் சுமார் 10 சோதனையில் குற்றவாளி பிடிபடும். மீசானைக் கம்பைல் செய்யத் தேவையில்லை என்பதால் ஒவ்வொரு சோதனையும் நொடிகளில் முடிகிறது.

1. மீசான் ரெப்போவுக்குள் `கிட் பைசெக்ட் ஸ்டார்ட்` என்று இடுங்கள்.
2. `கிட் பைசெக்ட் பேட்` என்று இட்டு, தற்போதைய நிலை கெட்டது என்று சொல்லுங்கள்.
3. `கிட் பைசெக்ட் குட்` என்று இட்டு, சரியாக இருந்த பதிப்பின் எண்ணைக் கொடுங்கள்.
4. `கிட் பைசெக்ட் ரன்` என்று இட்டு, உங்கள் ஸ்கிரிப்டின் முழுப் பாதையைத் தாருங்கள். ஸ்கிரிப்ட் ரெப்போவுக்கு வெளியே இருக்கட்டும். அது நிறுவிய மீசானை அழைக்காமல், ரெப்போவில் உள்ள `மீசான்.பை` கோப்பையே அழைக்கட்டும். சரி என்றால் 0, கெட்டது என்றால் 1, சோதிக்க முடியாத கமிட் என்றால் 125 திருப்பித் தர வேண்டும்.
5. முடிந்ததும் `கிட் பைசெக்ட் ரீசெட்` போட மறக்காதீர்கள். மறந்தால் ஏதோ ஒரு பழைய கமிட்டின் மேல் நின்றுகொண்டு புது வேலையைத் தொடங்கிவிடுவீர்கள்.

## சுருக்கியதைச் சோதனையாக்குதல்

பிழைத் திருத்தம் எதுவானாலும், அந்தப் பிழையைக் காட்டும் சோதனை ஒன்றும் கூடவே வர வேண்டும் என்பது மீசானின் விதி. நீங்கள் சுருக்கி வைத்த திட்டம் ஏறக்குறைய அப்படியே அந்தச் சோதனை ஆகிவிடும்.

1. புதுக் கிளை ஒன்றைத் தொடங்குங்கள். மாஸ்டர் கிளையில் நேராக வேலை செய்யாதீர்கள்.
2. `டெஸ்ட் கேசஸ்` கோப்புறைக்குள் `காமன்` பிரிவைத் திறங்கள். ஒவ்வொரு சோதனைக் கோப்புறையும் ஓர் எண்ணோடு தொடங்கும். கடைசி எண்ணுக்கு அடுத்ததை எடுத்து, சுருக்கமான பெயரோடு கோப்புறை உருவாக்குங்கள். வேறொருவரும் அதே எண்ணை எடுத்திருந்தால் பின்னால் மாற்றிக்கொள்ளலாம்.
3. சுருக்கிய திட்டத்தை அதற்குள் வையுங்கள். பில்ட் ஆனாலே போதாது, சரியாக ஓடவும் வேண்டும் என்றால் ஒரு `டெஸ்ட்` வரி சேருங்கள்.
4. ஏற்கெனவே உள்ள சோதனையோடு ஒரு வரியாகச் சேர்க்க முடியுமானால் அதையே செய்யுங்கள். சோதனை ஓடும் நேரம் எல்லோருக்கும் மிச்சம்.
5. திருத்தம் எழுதுமுன் சோதனையை ஓட்டுங்கள். அது தோற்க வேண்டும். தோற்பதைப் பார்க்காத சோதனையை நம்ப வேண்டாம்.
6. இப்போது திருத்துங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், பிழைச் செய்தியின் ஒரு துண்டை `மீசான்பில்ட்` கோப்புறை முழுக்கத் தேடுங்கள். அந்தச் செய்தி பிறக்கும் வரியிலிருந்து பின்னோக்கிப் படியுங்கள்.
7. சோதனை தேறியதும் `./ரன்_மைபை.பை` ஓட்டி, டைப் குறிப்புகள் சரியா என்று பாருங்கள்.

பிழைச் செய்தியைத் தெளிவாக்குகிறீர்கள் என்றால் `காமன்` பிரிவுக்குப் பதில் `ஃபெயிலிங்` பிரிவு. அங்குள்ள திட்டங்கள் எல்லாம் செட்டப்பில் தோற்பதற்கென்றே எழுதப்பட்டவை. ஒவ்வொன்றிலும் `டெஸ்ட்.ஜேசன்` என்ற கோப்பில், எந்தச் செய்தியோடு தோற்க வேண்டும் என்று எழுதியிருக்கும். நீங்கள் செய்தியை மாற்றினால் அந்த வரியையும் மாற்றுங்கள். செய்திக்குள் வரி எண்ணும் வருவதால், பில்ட் கோப்பில் ஒரு கமென்ட் வரி சேர்த்தால்கூடச் சோதனை உடையலாம்.

புதிய வசதி சேர்த்தால் வேலை சற்றுக் கூடுதல். ஆவணத்தில் விளக்கம் வேண்டும். `டாக்ஸ்` கோப்புறையின் `மார்க்டவுன்` பிரிவில் `ஸ்னிப்பெட்ஸ்` என்ற இடத்தில் ஒரு குறுங்கோப்பு எழுத வேண்டும். அடுத்த வெளியீட்டின் அறிவிப்பு அந்தத் துண்டுகளைக் கோத்துத்தான் தயாராகிறது. எந்தப் பதிப்பில் வந்த வசதி என்று நிரலிலும் குறிக்க வேண்டும். பழைய மீசானையும் ஆதரிப்பதாகச் சொல்லும் திட்டம் புது வசதியைப் பயன்படுத்தினால், அதைப் பார்த்து எச்சரிப்பது இந்தக் குறிப்புதான்.

## அனுப்புதல், பதில் பெறுதல்

1. ஒரு கமிட்டில் ஒரு மாற்றம். வழியில் கண்ணில் பட்ட எழுத்துப்பிழையைத் தனிக் கமிட்டாக வையுங்கள்.
2. கமிட் செய்தியின் முதல் வரியில் எந்தப் பகுதி, என்ன மாற்றம் என்று சொல்லுங்கள். கீழே, ஏன் தேவைப்பட்டது என்று எழுதுங்கள். என்ன மாற்றினீர்கள் என்பது நிரலிலேயே தெரியும். ஏன் என்பதை நீங்கள்தான் சொல்ல முடியும்.
3. உங்கள் ஃபோர்க்குக்குப் புஷ் செய்து, புல் ரிக்வெஸ்ட் திறங்கள். உரிமை ஒப்பந்தம் எதிலும் கையெழுத்திடத் தேவையில்லை.
4. தானியங்கிச் சோதனைகள் பல லினக்ஸ் வகைகளிலும் விண்டோஸிலும் மேக்கிலும் ஓடும். ஒன்று தோற்றால் லாக்கைத் திறந்து படியுங்கள். உங்கள் மாற்றத்தோடு தொடர்பில்லாத தோல்வி என்றால் அதை ஒரு வரியில் காரணத்தோடு குறிப்பிடுங்கள்.

ஆங்கிலத்தில் எழுத வேண்டுமே என்று தயங்கிப் பின்வாங்குகிறவர்கள் நம்மில் நிறைய. அங்கே அலங்கார ஆங்கிலம் யாருக்கும் வேண்டியதில்லை. "இந்தப் பதிப்பு, இந்தக் கட்டளை, இது வர வேண்டும், இது வந்தது" என்ற நான்கு குறுவாக்கியங்கள், அவற்றோடு சுருக்கிய திட்டம். எழுதுகிற பல பேருக்கு ஆங்கிலம் தாய்மொழி அல்ல. இந்தக் கருவியைத் தொடங்கியவருக்கும் அல்ல.

பரிசீலிப்பவர் திருத்தம் கேட்டால், அதற்கென்று மேலும் மேலும் கமிட் அடுக்காமல், உரிய கமிட்டையே திருத்துங்கள். மாஸ்டர் கிளை முன்னேறியிருந்தால் அதை உங்கள் கிளைக்குள் மெர்ஜ் செய்யாதீர்கள். மெர்ஜ் கமிட் இருந்தால் திருத்தச் சொல்வார்கள். `கிட் ஃபெட்ச் அப்ஸ்ட்ரீம்`, பிறகு `கிட் ரீபேஸ் அப்ஸ்ட்ரீம்/மாஸ்டர்`. இப்படி மாற்றியதைப் புஷ் செய்யச் சாதாரணக் கட்டளை மறுக்கும். வெறும் ஃபோர்ஸ் போடுவதைவிட `கிட் புஷ் --ஃபோர்ஸ்-வித்-லீஸ்` பாதுகாப்பானது. நீங்கள் அறியாமல் வேறு யாராவது அந்தக் கிளையில் எதையாவது சேர்த்திருந்தால் அது நின்றுவிடும்; வெறும் ஃபோர்ஸ் அதை அழித்துவிடும்.

கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று எழுதிவிட்டுப் பாருங்கள். உங்கள் திருத்தத்தின் ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும். பதில் வரத் தாமதமானால் இரண்டு வாரம் பொறுத்து, ஒரு வரியில் பணிவாக நினைவூட்டலாம். பெரும்பாலானோர் சொந்த நேரத்தில் வந்து பார்ப்பவர்கள்.

திருத்தம் ஏற்கப்பட்டதும் உங்கள் கிளையை அழித்துவிட்டு, மாஸ்டரைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். வெளியீட்டுக்கு முன்னால் மீசான் ஆர்சி என்ற முன்னோட்டப் பதிப்பைத் தருகிறது. அது வந்ததும் ஒரு வெர்ச்சுவல் என்விரான்மென்டில் `பிப் இன்ஸ்டால் --ப்ரீ மீசான்` என்று நிறுவி, உங்களிடம் இருக்கும் எல்லாத் திட்டங்களையும் புதுக் கோப்புறையில் பில்ட் செய்து பாருங்கள். ஏதாவது உடைந்தால் உடனே தெரிவியுங்கள். இறுதி வெளியீட்டுக்குள் சரிசெய்ய அப்போது நேரம் இருக்கும்.